பவுனு எப்போது கடித்தது

என் உடம்பில் ஏழு குதிரைகளின் பல்தடம் இருக்கிறது. இடது தோளில் இரண்டு, முழங்கைக்கு மேலே மூன்று, முதுகில் ஒன்று. ஏழாவது எங்கே என்று நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. என் மனைவிக்குத் தெரியும், தையல் போட்ட கம்பவுண்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடம் விலங்கு மருத்துவமனையில் உதவியாளனாக வேலை பார்த்தவனுக்கு ஏழு என்பது அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

போன மாதம் அந்த மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன இடம் அது. இப்போதிருக்கும் டாக்டர், உதவியாளர்களும் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களுமாகப் பதினைந்து பேரை உட்காரவைத்து, "கடிக்கிற குதிரையைத் திருத்துறது எப்படின்னு பாய் சொல்வார்" என்று என்னை முன்னால் நிறுத்திவிட்டார். எல்லோர் கையிலும் போன். யாரோ ஒருவர் குதிரையின் மூக்கில் பளார் பளாரென்று அறைந்து திருத்துகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் புளியந்தோப்பிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். "பாய், சுட்ட கெழங்கு குட்த்தா கடி நின்னுடும்னு சொல்றாங்களே, மெய்யாலுமா?" என்று கேட்டார். டீ ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். அப்படி நழுவியதில் எனக்கே என்மேல் கோபம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். பதினெட்டு வயதில், ஊருக்குத் தெற்கே ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் சேர்ந்தேன். ஆறு வருடம் இருந்தேன். தேய்க்கக் கற்றுக்கொண்டேன், குளம்பு சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன், உதை விழாத இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டேன். கடிக்கிற குதிரைக்கான கிழங்கு வைத்தியத்தையும் அங்கேதான் பார்த்தேன். பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை நெருப்பில் சுட்டு, ஆறவிடாமல் துணியில் சுற்றி, கை மாதிரி நீட்டுவார்கள். குதிரை அதைக் கையென்று நினைத்துக் கடிக்கும். பல் உள்ளே இறங்கும், சூடு ஈறில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது. அப்புறம் மனிதக் கையைக் கண்டாலே தலையை இழுத்துக்கொள்ளும். ஆறு வருடத்தில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், கிழங்கைப் பிடித்தது வேறொருவர்.

பிறகு மருத்துவமனை வேலை. அங்கே பெரிய டாக்டர் எஸ்தர் அம்மா. பாளையங்கோட்டைக்காரர், என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். அவர் ஒரு குதிரையைப் பார்க்க வரும் விதத்தை நான் நாலாயிரம் தடவையாவது பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட மாறியதில்லை. முதலில் கைக்கடிகாரத்தையும் வளையலையும் கழற்றிப் பையில் போடுவார். முந்தானையை இழுத்துச் செருகுவார். குதிரையின் வாய் எட்டாத தூரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சொந்தக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். "இன்னா டாக்டரம்மா, ஊசி கீசி போட மாட்டீங்களா?" என்பார்கள். அவர் காதையே பார்த்துக்கொண்டிருப்பார். குதிரையின் காதை. கடிப்பதற்கு முன்னால் காது பின்னால் படியும், அதற்கும் முன்னால் மூக்குத்துவாரம் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தைப் பார்க்க எனக்கு நாலு வருடமும் மூன்று கடியும் ஆனது.

அவர் யாரிடமும் "ஏன் கடிச்சுது" என்று கேட்கமாட்டார். "எப்போ கடிச்சுது" என்றுதான் கேட்பார். ஒருமுறை நான் காரணம் கேட்டேன்.

"ஏன்னு கேட்டா மனுஷன் கதை சொல்லுவான் பாய். எப்போன்னு கேட்டா நடந்ததைச் சொல்லுவான்" என்றார்.

கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த "சரி"யை வாங்கியவர்களுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

திருவொற்றியூரில் ராஜா என்று ஓர் ஆண் குதிரை. யார் பக்கத்தில் போனாலும் சட்டைப் பையோடு சேர்த்து நெஞ்சைக் கவ்வும். எப்போது என்று கேட்டுக்கொண்டே போனதில், பக்கத்து டீக்கடைக்காரர் மாட்டினார். தினமும் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து ஊட்டியிருக்கிறார். அது பையைத் தேடியது, நடுவில் நெஞ்சு இருந்தது அதன் குற்றமா? கையால் ஊட்டுவதை அடியோடு நிறுத்தினோம். தின்பதெல்லாம் வாளியில். நெருங்கும்போது முகத்துக்கு நேராகப் போகாமல் தோள் பக்கமாகப் போவது. அது தலையைத் திருப்பினால் அடிக்காமல், முழங்கையை மடக்கி அப்படியே வைத்திருப்பது. தானே வந்து இடித்துக்கொள்ளும், பிறகு நேரே பார்க்கும். நேரே பார்த்த உடனே கழுத்தில் தேய்த்துக் கொடுப்பது. குதிரை மூன்று வாரத்தில் திருந்தியது, டீக்கடைக்காரர் திருந்த மூன்று மாதம் ஆனது.

இப்படி நாலைந்து குதிரை சரியானதும் எனக்குப் பெயர் வந்துவிட்டது. "கடிபாய்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிதான், ஆனாலும் கேட்கும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். டாக்டரம்மா இல்லாமலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மெல்ல உட்கார்ந்துகொண்டது.

பவுனு வந்தது அந்தச் சமயத்தில்தான்.

காசிமேட்டில் சேகர் என்றொருவர். விசைப்படகில் வேலை பார்த்தவர். வலை இழுக்கும்போது கம்பி அறுந்து முதுகில் அடித்ததில் கடலுக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது. இருந்ததை விற்று, தை மாதம் ஒரு பெண் குதிரை வாங்கி மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்டுக்கொண்டிருந்தார். சந்தன நிறம், அதனால் பவுனு. வீட்டுக்காரி மல்லிகா கருவாடு போட்டு விற்பவர். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. பவுனுக்கு மல்லிகா நெற்றியில் பொட்டு வைத்து, மாலையில் சூடம் சுற்றிப் போடுவார் என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள்.

ஆடி மாதம் சேகர் கட்டைவிரலில் கட்டோடு மருத்துவமனைக்கு வந்தார்.

"பாய், வயித்து வார இஸ்து கட்டுனா போதும், திரும்பி லபக்குனு புட்ச்சிக்குது. சித்திரை வைகாசில கொயந்தையாட்டம் இருந்துச்சு. இப்ப இன்னா கேடு வந்துச்சுன்னு தெரில."

டாக்டரம்மா தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். தான் பார்க்காமல் எந்தக் குதிரைக்கும் எந்தத் திருத்தமும் கூடாது என்பது அவருடைய நிலையான உத்தரவு. நான் சேகரிடம் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்" என்று சொன்னேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் வீட்டு வரிசை, வரிசைக்குப் பின்னால் கருவாடு காயப்போடும் மணல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு கம்பத்தில் பவுனைக் கட்டியிருந்தார்கள். நல்ல உயரம், மினுமினுப்பு குறைந்த மயிர். வயிறு கொஞ்சம் பெருத்திருந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, வேலை இல்லாமல் தின்றுகொண்டே நிற்கிறது, திமிர் என்று முடிவு கட்டினேன். ஏன் என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மல்லிகா மீன் ஏலத்துக்குப் போயிருந்தார். அவர் இருந்தால் விடமாட்டார் என்று சேகர் சொன்னார். அந்தப் பேச்சே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். கிழங்கை நான்தான் சுட்டேன், துணியையும் நான்தான் சுற்றினேன். சேகர் வாரை இழுத்தார். பவுனு காதைப் படியவைத்துத் திரும்பியது. நீட்டினேன்.

அது கனைக்கவில்லை. தலையை உதறிக்கொண்டே கயிற்றின் கடைசி வரை பின்னால் போய், மூக்கை மணலில் வைத்துக்கொண்டு நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. சேகர் என் தோளைத் தட்டி, "கில்லாடி பாய் நீ!" என்றார். நான் சிரித்துக்கொண்டே டீ குடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சேகர் போன் செய்தார். வார் கட்டும்போது வாயைத் திறக்கவே இல்லையாம். கொள்ளும் தின்னவில்லையாம். "ரோஷம் வந்திருக்கும், விடு" என்றேன். புளியந்தோப்புக்காரர் கேட்டாரே, அவருக்கு இதுதான் பதில்: ஆமாம், வேலை செய்யும். பவுனுக்கு இரண்டு நாள் வேலை செய்தது.

மூன்றாவது நாள் காலையில் மல்லிகா வழக்கம்போல உள்ளங்கையில் கல்லுப்பு வைத்து பவுனுக்கு நீட்டினார். பவுனு அவர் முன்கையைக் கவ்வியது. கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து தண்ணீரை ஊற்றிய பிறகுதான் விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் எட்டுத் தையல்.

அன்றைக்கே சேகர் தரகரைக் கூப்பிட்டுவிட்டார். கடிக்கிற, உதைக்கிற குதிரைகளை வாங்கிப் போகிற தரகர் அவர். எங்கே கொண்டுபோகிறார் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் விற்க மனம் வராது. மல்லிகா தையல் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்து அழுத அழுகையில் ஒரு தவணை கிடைத்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் திருவொற்றியூரில் ஓர் ஊர்வலம் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பவுனு ஒழுங்காக வார் கட்டவிட்டு, சவாரி ஏற்றி, யாரையும் கடிக்காமல் போய்வந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அன்று மாலையே வண்டியில் ஏற்றிவிடுவது. தரகரும் சரி என்றார்.

டாக்டரம்மா ஊரிலிருந்து வந்த அன்றே அழைத்துப் போனேன். கடிகாரம், வளையல், முந்தானை, பின்னால் கட்டிய கை. பவுனு இடதுபக்கம் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது, முன்காலால் மணலைப் பறித்தது, மறுபடி வயிற்றைப் பார்த்தது. நான் போன தடவையும் அது அப்படிச் செய்திருக்கும். பார்க்கக் கண் வேண்டுமே.

"எப்போ கடிச்சுது?" என்று மல்லிகாவிடம் கேட்டார்.

"உப்பு குட்த்தேம்மா. தெனிக்கும் குட்க்கறதுதான். என்னிய அது கடிக்காதும்மா. எனுக்கு ஒண்ணியும் பிரியல."

"அதுக்கு முன்னாடி? வார் கட்டும்போது கடிக்க ஆரம்பிச்சது எப்போ?"

"பங்குனில லேசா மொறச்சுது. அப்பால சித்திரை வைகாசி பூரா சாதுவா இருந்துச்சு. ஆனி பொறந்துதான் பேஜாரு."

"சித்திரை, வைகாசியில ஊர்வலம் நிறைய. வேலை செஞ்சுகினு இருந்துச்சு, அதான் அடங்கி இருந்துச்சு" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. "சித்திரை, வைகாசியில இங்க வேற என்னம்மா? வழக்கமா இருக்கிற எது இருக்காது?"

மல்லிகா யோசித்தார். "மீன்புடி தடைக்காலம்மா. போட்டு போவாது. மீனு வராது. நாங்க கருவாடு போட மாட்டோம்."

சொல்லிக்கொண்டே அவர் தரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மீனை உப்பில் ஊறவைக்கும் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் மணலில் ஓடிக் காய்ந்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பவுனு தலையைக் குனிந்து, நாக்கால் அந்தப் பொருக்கை வழித்தது. உப்போடு மணலும் சேர்ந்து உள்ளே போனது.

"உப்பு நக்கட்டும்னு நான்தாம்மா கவுத்த நீளமா வுட்டு கட்டினேன்" என்றார் மல்லிகா. "அது ஆசையா நக்கும். பாக்கவே சோக்கா இருக்கும்."

டாக்டரம்மா பையிலிருந்து மாட்டுக்குப் பிரசவம் பார்க்கும் நீளமான பிளாஸ்டிக் கையுறையை எடுத்தார். அப்போதுதான் போட்ட சாணியில், தரையைத் தொடாத மேல் உருண்டைகளாக ஐந்தாறு எடுத்துக் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, விரல்கள் கீழே தொங்க ஓர் ஆணியில் மாட்டினார். அது தெளிகிற வரைக்கும் ஸ்டெதஸ்கோப்பைப் பவுனின் அடிவயிற்றில் வைத்துக் கேட்டார். பிறகு அதை மல்லிகாவின் காதில் மாட்டிவிட்டார். மல்லிகா கண்ணை அகல விரித்தார். "அலை அடிக்குதும்மா. உள்ளார அலை அடிக்குது" என்றார். குடலுக்குள் மணல் புரளும் சத்தம் அது. காசிமேட்டுப் பெண்ணுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்துக் கையுறையைப் பார்த்தோம். ஐந்து விரலிலும் மணல் நிறைந்து விறைத்துக்கொண்டு நின்றது.

"இவ்வளவு சுமையை வயித்துல வச்சுக்கிட்டு நிக்குது. அந்த வயித்துல வாரைப் போட்டு இறுக்கினா, நானா இருந்தாலும் கடிப்பேன்" என்றார் டாக்டரம்மா. பிறகு சேகரைத் தலைக்கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, பவுனின் மேலுதட்டை மெதுவாக உயர்த்தினார். ஈறு முழுக்க வெந்து, வெள்ளையாகத் தோல் உரிந்து தொங்கியது.

"இது எப்போ ஆச்சு?"

சேகர் தரையைப் பார்த்தார். நான் கையுறையைப் பார்த்தேன். மல்லிகா, "அய்யோ, வாயெல்லாம் புண்ணா? இதுவும் மணலாலயாம்மா?" என்று பதறினார். டாக்டரம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "சரி" என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். ராயபுரம் பாலம் தாண்டியதும், "வாய் ஆற மூணு வாரம் ஆகும். நீங்க அந்தம்மாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். வெந்த வாயில் உப்பு பட்டதால்தான் அது மல்லிகாவைக் கடித்தது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாலு நாளும் தினமும் போனோம். மணல் வெளியேற, மூக்கு வழியாக வயிறு வரை ரப்பர் குழாய் விட்டு, இசப்கோலும் பேதி உப்பும் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். இசப்கோல் சீக்கிரம் கூழாகிவிடும், கலக்கிய கையோடு ஊற்றிவிட வேண்டும். குதிரையின் தலையைப் பிடிப்பது எப்போதும் என் வேலை. நான் கிட்டே போனதும் பவுனு உடம்பெல்லாம் நடுங்கி, கண்ணின் வெள்ளை தெரியப் பின்வாங்கியது. டாக்டரம்மா, "பாய், நீங்க தள்ளி நின்னு கலக்கிக் குடுங்க. சேகர் பிடிக்கட்டும்" என்றார். இத்தனை வருட வேலைக்காரன், வாளிக்குப் பக்கத்தில் நின்றேன்.

பவுனை மணல்வெளியை ஒட்டியிருந்த ஐஸ் கம்பெனியின் பின்பக்க சிமெண்டுத் தரைக்கு மாற்றினோம். கிழிந்த வலையில் பை தைத்து, புல்லை அதில் போட்டு உயரத்தில் மாட்டினோம். உப்பு தனியாக ஒரு சட்டியில். மல்லிகா தினமும் சாணியைக் கழுவி, அடியில் தங்கும் மணலை ஒரு சட்டியில் சேர்த்துக்கொண்டே வந்தார். நாலாம் நாள் சட்டி நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்து, "நான் ஆசையா பண்ணது அத்த சாவடிக்கப் பாத்துச்சே பாய்" என்று தேம்பினார். தப்பு முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் அழுகிறாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விடும்மா, தெரியாம பண்ணதுதானே" என்று ஆறுதல் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் டாக்டரம்மா வாரை எடுத்தார். வயிற்றில் சும்மா படவிட்டு, காதைப் பார்த்து, எடுத்துவிட்டார். மறுபடி வைத்து முதல் துளை, நிறுத்தம், காது. இரண்டாவது துளை, நிறுத்தம், காது. அரை மணி நேரத்தில் வார் முழுவதும் ஏறிவிட்டது. பவுனு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேகர் ஒரு துள்ளுத் துள்ளினார். ஆனால் வாய்க்குள் போடும் கடிவாளத்தைக் காட்டியதும் அது தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது. ஈறு ஆறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பயம் அப்படியே இருந்தது. முகூர்த்தத்துக்குப் பதினான்கு நாள்.

வாய்க்குள் எதுவும் போடாமல் மூக்குத்தண்டின் மேல் பட்டை கட்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். கடையில் கிடைப்பது எல்லாம் தடித்த தோல். வலை பின்னும் தனபால் என்பவரிடம் போனேன். மெல்லிய வலைக்கயிற்றை மூன்று புரியாகப் பின்னி, மல்லிகாவின் பழைய பருத்திச் சேலையைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். கன்ன எலும்பிலிருந்து நாலு விரல் கீழே, மூச்சை அழுத்தாத இடத்தில் கட்ட வேண்டும். இரு பக்கமும் கயிறு. சேகர் அதை வைத்துச் சந்துக்குள் காலையும் மாலையும் பவுனை நடத்தினார். நான் பத்தடி பின்னால் நடந்து, "இடது கயித்த தளத்து", "காதைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே போனேன். கிட்டே போக எனக்கு அனுமதி இல்லை, பவுனிடமிருந்து.

முகூர்த்த நாள், காலை ஏழரை மணி. மூக்குப்பட்டைமேல் மல்லிகைச்சரம் சுற்றியிருந்ததால் அதுவும் ஓர் அலங்காரம் என்று கல்யாண வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். பேண்டு, பட்டாசு, மாப்பிள்ளையின் தோழர்கள் ஆட்டம். எதிர்ப்புறம் ஒரு பைக்கில் தரகர். கயிற்றைப் பிடித்திருந்த சேகர் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் எவனெவனோ வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு வந்தான். மல்லிகா தழும்பேறிய கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"ஏய், கைய எட்றா! வாயாண்ட கை வெக்காத நைனா! ஊட்டி வுட வந்துட்டான் பாரு, உன் வூட்ல கொயந்த இல்ல?"

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கினார். பவுனு ஒரு பெருமூச்சு விட்டுச் சாணி போட்டது. தரகர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். நான் ஒரு கடை ஓரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மல்லிகா மருத்துவமனை வாசலுக்கே வந்துவிட்டார். தாளில் சுற்றிய வஞ்சிரக் கருவாட்டை என் கையில் வைத்தார். "வூட்ல குடு பாய். நீ இல்லாங்காட்டி எம் பவுனு இந்நேரம் எங்க போயிருக்குமோ."

அதை வைத்துக்கொள்ள என் கை மறுத்தது. பக்கத்து பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னேன். கிழங்கு, துணி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். "வாய் வெந்தது மணலால இல்லம்மா, என்னால. வெந்த வாயில நீ உப்பு வெச்ச. அதான் உன்னக் கடிச்சுது. உன் பவுனு உன்னைக் கடிக்கலம்மா."

காசிமேட்டு வசவு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குத் தயாராகத்தான் நின்றேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. மல்லிகா தன் கையில் இருந்த தையல் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"என் கை ஆறிப்போச்சு பாய். எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? வெந்தது எவ வாயி? அதாண்ட போய் சொல்லு."

கருவாட்டை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே போனேன். ஐஸ் கம்பெனிப் பின்பக்கம், வாய் எட்டாத தூரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பவுனு காதைப் படியவைத்தது. வாய்விட்டுச் சொன்னேன், என்ன சொன்னேன் என்பது எனக்கும் அதற்கும் இருக்கட்டும். மல்லிகா கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு மீன் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது, திரும்பிப் பார்க்காமலேயே, "நாளிக்கும் வா" என்றார்.

போனேன். பிறகு வாரம் ஒரு நாள் என்று ஆனது. ஓய்வுபெற்ற பிறகும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். பவுனுக்கு வயதாகிவிட்டது, ஊர்வலமெல்லாம் இல்லை, மல்லிகா விற்பதாகவும் இல்லை. ஒன்றரை வருடத்தில் என்னைப் பார்த்தால் காது படிவது நின்றது. இப்போது கழுத்தைத் தேய்க்க விடும், குளம்பைத் தூக்கிக் கொடுக்கும், என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிக்கூடப் போகும். ஆனால் என் கை அதன் வாய்ப் பக்கம் நகர்ந்தால், தூக்கத்திலும் தலையை மேலே தூக்கிவிடும். சேகர் கைக்கு அப்படி இல்லை. மல்லிகா கைக்கும் இல்லை. முன்பின் தெரியாத ஆள் கைக்கும் இப்போது இல்லை.

டாக்டரம்மா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் பழக்கினா இதுவும் மாறிடும் பாய்" என்றார். மாறும் என்று எனக்கும் தெரியும், எப்படி மாற்றுவது என்றும் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கையைப் பற்றிப் பவுனு நினைத்துக்கொண்டிருப்பதில் திருத்த எதுவும் இல்லை.